லைன் போனாலும் கணக்கு போகக் கூடாது: டர்பனில் டேட்டாபேஸ் பார்க்க வந்தவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தவர் கம்ப்யூட்டர் ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், சாட்ஸ்வொர்த்திலோ வெருலத்திலோ கடை வைத்திருக்கும் ஏதாவது ஒரு அங்கிள் பிடித்துக்கொள்வார். “தம்பி, லைன் போய் வந்தா ஸ்டாக் கணக்கு கோளாறாகுது, கொஞ்சம் பாரேன்.” லைன் என்று அவர் சொல்வது இணைய இணைப்பை. போய்ப் பார்த்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், டேட்டாபேஸும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே பில் இரண்டு தடவை பதிந்திருக்கும், அல்லது பணம் வாங்கிய பில் பதியாமலே போயிருக்கும்.

அந்த வேலையை முதல் தடவையாக எடுத்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேபிளில் ஒரு வரி சேர்க்கவும் மாற்றவும் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு ஒரு மசாலாக் கடையை வைத்துக்கொள்வோம்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு கவுண்டர், ஃபீனிக்ஸில் இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிடங்கு, டேட்டாபேஸ் கிளவுடில். நான் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை மனதில் வைத்துச் சொல்கிறேன். மைஎஸ்கியூஎல்லிலும் வழி இதுதான், கட்டளைப் பெயர்கள் மட்டும் மாறும்.

பதில் வரவில்லை என்றால் என்ன நடந்திருக்கும்?

கவுண்டரில் “சேமி” அழுத்துகிறார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். செய்தி போகிற வழியிலேயே தொலைந்திருக்கலாம். அப்படியானால் எதுவும் பதியவில்லை. செய்தி போய்ச் சேர்ந்து, பில் பதிந்து, “பதிந்தாயிற்று” என்ற பதில் மட்டும் திரும்பும் வழியில் தொலைந்திருக்கலாம். அல்லது செய்தி அங்கே போய் வேறொரு வேலை முடியக் காத்துக்கொண்டிருக்கலாம். இன்னும் அரை நிமிடம் கழித்துப் பதியும். கவுண்டரில் நிற்பவருக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

“அப்படியானால் பதிலுக்கு ஒரு பதில் அனுப்பச் சொல்லலாமே” என்று முதலில் தோன்றும். அந்தப் பதிலும் தொலையலாம், அதற்கான பதிலும் தொலையலாம். 1970-களிலேயே கணினி அறிஞர்கள் இதை அலசி, நம்ப முடியாத வழியில் இரு பக்கமும் நூறு சதவீதம் உறுதிக்கு வரவே முடியாது என்று காட்டிவிட்டார்கள். ‘இரண்டு தளபதிகள் சிக்கல்’ என்று ஜிம் கிரே 1978-இல் அதற்குப் பெயர் வைத்தார். எவ்வளவு விலையுயர்ந்த ரௌட்டர் வாங்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. அதனால் பதிந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே செய்தியை எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரே ஒரு தடவைதான் பதியும் என்ற நிலைக்கு டேட்டாபேஸைக் கொண்டுவந்துவிட்டால், சந்தேகம் வரும்போதெல்லாம் தைரியமாகத் திரும்ப அனுப்பலாம். கீழே வருகிற எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. முதலில் வழியைத் தாளில் வரையுங்கள்

கவுண்டர் கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாபேஸ் வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் வரையுங்கள். மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் சுவிட்ச், ரௌட்டர், சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வந்து சேரும் கருவி), தெருவில் இருக்கும் ஃபைபர் கம்பெனிக் கருவிகள், இணைய சேவை தருபவரின் கருவிகள், கடைசியில் கிளவுட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, இது நின்றால் முதலில் யாருக்குத் தெரியும் என்று எழுதுங்கள்.

கரண்ட் கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். இந்த நாட்டில் 2007-08 வாக்கில் தொடங்கிய லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) 2023-இல் உச்சத்துக்குப் போனது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் வராமல் இருந்து, 2025 ஜனவரி 31-இல் மறுபடி எட்டிப் பார்த்தது. அந்த மோசமான வருடங்களில் சின்னக் கடைகள்கூட மினி யூபிஎஸ் வாங்கி வைத்தன. ரௌட்டருக்கும் ஓஎன்டிக்கும் யூபிஎஸ் இருக்கும். நடுவில் இருக்கும் சுவிட்ச் மட்டும் சாதாரண பிளக்கில் இருக்கும். கரண்ட் போனதும் வைஃபை வேலை செய்யும், கவுண்டர் வேலை செய்யாது. “வாட்ஸ்ஆப் வருதே, அப்புறம் ஏன் பில் போகல?” என்று கேட்டால், முதலில் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். லோட் ஷெட்டிங் இல்லாத நாளிலும் துணை மின்நிலையக் கோளாறும் கேபிள் திருட்டும் இருக்கவே இருக்கின்றன, ஆகவே யூபிஎஸ்ஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஃபைபருக்குத் துணையாக எல்டிஇ (செல்போன் இணைய) சிம் போட்ட ரௌட்டர் வைப்பது நல்லதுதான். ஆனால் இரண்டும் தனித்தனி வழி என்று நம்பிவிடக் கூடாது. கரண்ட் போய்ப்போய் வந்தால் செல்போன் கோபுரத்து பேட்டரி முழுதாக சார்ஜ் ஆக நேரம் கிடைப்பதில்லை. கோபுரத்து பேட்டரியையே திருடிக்கொண்டு போவதும் இங்கே வழக்கமான செய்தி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நடாலில் பல கோபுரங்கள் ஒரே சமயத்தில் செயலிழந்தன. இன்னொன்றும் உண்டு, இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம்: ஃபைபரிலிருந்து எல்டிஇக்கு ரௌட்டர் மாறும் அந்த நொடியில் கடையின் வெளி இணைய முகவரி மாறிவிடும், திறந்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். நடுவில் இருந்த பில்லுக்கு என்ன ஆயிற்று என்பது மறுபடி அந்த மூன்றில் ஒன்றுதான். துணை வழி இருப்பதாலேயே பதில் வராத நிலை ஒன்று கூடுதலாகப் பிறக்கிறது.

கிளவுட் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் தாளில் எழுதுங்கள். பழைய மென்பொருள் என்றால் சர்வர் அயர்லாந்திலோ ஜெர்மனியிலோ இருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் மசாலா பில் கடலுக்கடியில் போய் வருகிறது. 2024 மார்ச் 14-இல் ஐவரி கோஸ்ட் பக்கம் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கேபிள்கள் சேதமாயின. அதே வருடம் மே 12-இல் கிழக்குப் பக்கம் ஈஸியும் சீகாமும் அறுந்தன. இரண்டு தடவையும் இங்கே இணையம் தடுமாறியது. மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் 2019-இலும், அமேசான் 2020-இல் கேப் டவுனிலும், கூகுள் 2024-இல் ஜொஹானஸ்பர்கிலும் தங்கள் மையங்களைத் திறந்துவிட்டன. டேட்டாபேஸை உள்நாட்டுக்கு மாற்றினால் கடல் வழி ஆபத்து பெரும்பாலும் போய்விடும், ஒவ்வொரு கேள்விக்கும் ஐரோப்பா போய்வரும் தாமதமும் மிச்சம். (சேஃப் என்ற பழைய கேபிள் டர்பனுக்கு வடக்கே இம்டுன்சினியில் தரை தொட்டு, ரீயூனியன், மொரிஷியஸ் வழியாகக் கொச்சிக்குப் போகிறது. ஊருக்கு வீடியோ கால் போடும்போது நினைத்துக்கொள்ளலாம்.)

2. எவையெல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும்?

இரண்டு கிலோ மசாலா விற்றால் டேட்டாபேஸில் மூன்று மாற்றம்: பில்லுக்கு ஒரு வரி, ஸ்டாக்கில் குறைவு, பணக் கணக்கில் வரவு. நிரல் இந்த மூன்றையும் தனித்தனியாக அனுப்பினால், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே லைன் போகும் நாள் ஒன்று வந்தே தீரும். மூன்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் போடுங்கள். கமிட் (டேட்டாபேஸின் இறுதி உறுதி) ஆனால் மூன்றும் இருக்கும். ஆகாவிட்டால் மூன்றும் இருக்காது.

கமிட் என்று டேட்டாபேஸ் சொல்வதற்கு முன்னால், மாற்றத்தின் விவரத்தை ஒரு லாகில் (பதிவேட்டில்) எழுதி அதை டிஸ்க்கில் இறக்கிவிடுகிறது. கரண்ட் போய்த் திரும்பி எழும்போது அந்த லாகைப் படித்து, முடிந்த வேலையைத் திரும்பச் செய்கிறது, பாதியில் நின்றதைச் செல்லாததாக்குகிறது. இந்த முறைக்கு இலக்கணம் வகுத்த ஏரீஸ் என்ற வழிமுறையை 1992-இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். இன்று ஓடும் பல வணிக டேட்டாபேஸ்களில் அந்த யோசனை இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தன் லாகைக் கொஞ்சம் வேறு விதமாகக் கையாள்கிறது என்றாலும், முதலில் லாகில் எழுது, பிறகு மற்றது என்ற விதி பொது.

இந்தப் பாதுகாப்பைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேகமாக ஓடட்டும் என்று யாரோ ‘எஃப்சிங்க்’ அமைப்பை (எழுதியதை டிஸ்க்கில் இறக்கியே தீர வைப்பது) அணைத்து வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் உடனே திரும்பப் போட்டுவிடுங்கள், வாதமே வேண்டாம்.

டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டு மெஷினின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். வாடிக்கையாளர் பையைத் துழாவும் வரை காத்திருக்கவும் வேண்டாம். திறந்திருக்கும் நேரம் முழுக்க அந்த மசாலாவின் ஸ்டாக் வரி பூட்டிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து சாட்ஸ்வொர்த்தில் லைன் போனால், ஃபீனிக்ஸ் கவுண்டரும் காரணம் தெரியாமல் நின்றுவிடும். எல்லாத் தகவலும் கைக்கு வந்தபின் திற, எழுது, மூடு. ஒரு நொடிக்குள் முடிய வேண்டிய வேலை அது.

3. பில்லுக்கு அடையாளம் கவுண்டரிலேயே பிறக்கட்டும்

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

பல மென்பொருள்களில் பில்லின் எண்ணை டேட்டாபேஸ் தருகிறது. அனுப்பினால் 5012 என்று எண் வரும், அடுத்ததற்கு 5013. பதில் வராமல் திரும்ப அனுப்பினால், அதே பில் 5013 என்ற புது எண்ணோடு இன்னொரு தடவை பதியும். டேட்டாபேஸைக் குறை சொல்ல முடியாது. அதற்கு இரண்டும் வெவ்வேறு பில்.

ஆகவே “சேமி” அழுத்துவதற்கு முன்பே கவுண்டர் கம்ப்யூட்டர் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளட்டும். யுயுஐடி என்ற நீளமான எண் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள் தற்செயலாக ஒரே எண்ணை உருவாக்கும் வாய்ப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு குறைவு. அந்த அடையாளத்தைப் பில்லோடு அனுப்புங்கள். டேபிளில் அந்தப் பத்திக்கு (நெடுவரிசைக்கு) யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்ற விதி, போடுங்கள். திரும்ப அனுப்பும்போது அதே அடையாளம் போகும், டேட்டாபேஸ் “இது ஏற்கனவே இருக்கிறது” என்று சொல்லும். நிரல் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் “பதிந்தாயிற்று” என்று எடுத்துக்கொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸில் மோதினால் ஒன்றும் செய்யாதே என்று சொல்லும் வசதி 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: அந்த அடையாளத்தை “சேமி” பட்டனின் உள்ளே உருவாக்குவது. கவுண்டரில் இருப்பவர் பொறுமை இழந்து இரண்டாம் தடவை அழுத்தினால் புது அடையாளம் பிறந்துவிடும், செய்த வேலை வீண். பில் திறக்கும்போதே அடையாளம் பிறக்க வேண்டும், பில் மூடும் வரை அதுவேதான்.

இந்த அடையாளமும் ரசீதில் அச்சாகும் எண்ணும் வேறு. இங்கே வரி ரசீதுக்கு வரிசையான தனி எண் இருக்க வேண்டும் என்று வாட் (மதிப்புக் கூட்டு வரி) சட்டம் கேட்கிறது; 15 சதவீத வாட் வசூலிக்கும் கடை அதை விட முடியாது. லைன் இல்லாத நேரத்திலும் ரசீது கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி வரிசை கொடுத்துவிடுங்கள்: சாட்ஸ்வொர்த்துக்கு ‘சா’ என்று தொடங்குவது, ஃபீனிக்ஸுக்கு ‘ஃபீ’ என்று தொடங்குவது. இரண்டு கவுண்டரும் ஒரே வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கடையின் கணக்காளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து ஸ்டாக். “மசாலா இருப்பை 38 ஆக்கு” என்று எழுதினால் எத்தனை தடவை அனுப்பினாலும் 38-தான், சரி. ஆனால் நடுவில் ஃபீனிக்ஸ் கவுண்டர் ஐந்து கிலோ விற்றிருந்தால் அந்த விற்பனை அழிந்துபோகும். “மசாலா இருப்பில் 2 குறை” என்று எழுதினால் ஃபீனிக்ஸ் கணக்கு பிழைக்கும். ஆனால் இரண்டு தடவை போனால் 4 குறையும். இரண்டு பக்கமும் பள்ளம்.

கல்யாண வீட்டு மொய் நோட்டு இதற்கு வழி காட்டுகிறது. அதில் யாரும் மொத்தத்தை அழித்து அழித்து எழுதுவதில்லை. வந்தவர் பெயர், தொகை என்று ஒரு வரி, அவ்வளவுதான். மொத்தம் கடைசியில் கூட்டிக்கொள்வது. ஸ்டாக்குக்கும் அப்படியே ‘நகர்வு’ டேபிள் ஒன்று வையுங்கள்: எந்தப் பொருள், எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது, எந்த பில் அடையாளம், பில்லில் எத்தனையாவது வரி. பில் அடையாளமும் வரி எண்ணும் சேர்ந்து யூனிக். மாற்றுவது, அழிப்பது இரண்டும் கிடையாது. தவறென்றால் எதிர் வரி சேர்க்க வேண்டியதுதான். இருப்பு என்பது இந்த வரிகளின் கூட்டல். வரிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து மெதுவானால், இருப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, புது நகர்வு வரி உண்மையில் சேர்ந்தால் மட்டும் அதே டிரான்சாக்‌ஷனில் குறைக்கலாம்.

விலை, வாடிக்கையாளர் முகவரி போன்ற மாற்றிக்கொண்டே இருக்கும் விஷயங்களுக்கு மொய் நோட்டு பொருந்தாது. அவற்றுக்கு ஒவ்வொரு வரியிலும் ‘பதிப்பு’ என்று ஒரு பத்தி போதும். “பதிப்பு 7 ஆக இருந்தால் மாற்றி 8 ஆக்கு” என்று அனுப்புங்கள். ஒரு வரியும் மாறவில்லை என்று பதில் வந்தால் நடுவில் வேறு யாரோ மாற்றிவிட்டார்கள், அல்லது நீங்களே முன்பு அனுப்பியது பதிந்துவிட்டது. படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கார்டு மெஷின்காரர்கள் இந்தச் சண்டையை நமக்கு முன்பே போட்டுவிட்டார்கள். கார்டு பரிமாற்றத்துக்கான ஐஎஸ்ஓ 8583 தரத்தில் ‘ரிவர்சல்’ என்றே ஒரு செய்தி வகை உண்டு: பதில் வராவிட்டால் மெஷின் அதை அனுப்பி முந்தையதை ரத்து செய்கிறது. மெஷின் தரும் குறிப்பெண்ணை உங்கள் பில் வரியில் சேமித்து வையுங்கள். வாடிக்கையாளர் “காசு போயிடுச்சே” என்று வந்து நிற்கும் நாளில் அது ஒன்றுதான் உங்கள் சாட்சி.

4. எவ்வளவு நேரம் காத்திருப்பது, எப்போது திரும்ப அனுப்புவது

ரௌட்டர் திடீரென்று செத்தால் அது யாருக்கும் சொல்லிவிட்டுச் சாவதில்லை. கவுண்டரின் பக்கம் இணைப்பு இன்னும் திறந்திருப்பதாகவே தெரியும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்ப்பதே இரண்டு மணி நேரம் கழித்துத்தான். தகவலை அனுப்பிப் பதில் கிடைக்காவிட்டால் ஏறக்குறைய 15 நிமிடம் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டுத்தான் கைவிடும். கவுண்டரில் வரிசை நிற்கும்போது இது கதைக்கு ஆகாது.

இணைக்க 5 நொடி, ஒரு கட்டளைக்கு 10 நொடி என்று வரம்பு போடுங்கள். இணைப்பு சும்மா இருந்தால் 30 நொடிக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்டிஇ பக்கம் இது இன்னும் அவசியம், ஏனென்றால் நடுவில் முகவரி மாற்றும் கருவிகள் சும்மா இருக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து ‘டிசிபி யூசர் டைம்அவுட்’ என்ற அமைப்பும் கிடைக்கிறது. அந்த 15 நிமிடத்தைச் சுருக்குவது அதன் வேலை. சர்வர் பக்கத்திலும் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுக் காணாமல் போன கவுண்டரை வெளியே தள்ள ஒரு வரம்பு உண்டு. 60 நொடி வைத்தால் இந்த மாதிரிக் கடைகளுக்குப் போதும்.

திரும்ப அனுப்பும் இடைவெளியை 1 நொடி, 2, 4, 8 என்று கூட்டிக்கொண்டே போய், அரை நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் தற்செயல் எண்ணைச் சேருங்கள். ஒரு பேட்டைக்குக் கரண்ட் வரும்போது எல்லாக் கடைக்கும் ஒரே நொடியில் வருகிறது. எல்லாக் கவுண்டரும் ஒரே நொடியில் சர்வரைத் தட்டினால் எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும்.

எதைத் திரும்ப அனுப்பக் கூடாது என்பதும் முக்கியம். பதில் வராமை, இணைப்பு அறுந்தது, டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்பது) ஆகியவற்றுக்குத் திரும்ப அனுப்பலாம். “விலை காலியாக இருக்கக் கூடாது” என்று டேட்டாபேஸ் தெளிவாக மறுத்தால் ஆயிரம் தடவை அனுப்பினாலும் அதே பதில்தான்; மனிதர் பார்க்க வேண்டும்.

5. லைன் இல்லாத நேரத்துக்குக் கவுண்டரில் பில்களுக்கு ஒரு காத்திருப்பு வரிசை

லைன் இரண்டு மணி நேரம் இல்லையென்றால் கடையை மூட முடியாது. கவுண்டர் கம்ப்யூட்டரில் எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) வைத்து, ஒவ்வொரு பில்லையும் முதலில் அங்கே எழுதி, ரசீது கொடுத்து, பிறகு பின்னணியில் மேலே அனுப்புங்கள். லைன் இருந்தாலும் இதே வழிதான். லைன் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி என்று வைத்தால், இரண்டாவது வழி எப்போதாவதுதான் ஓடும், ஓடும் அன்றைக்குத்தான் பிழை தெரியும்.

எஸ்கியூலைட் கோப்பு அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்தால் பூட்டுகள் சரியாக வேலை செய்யாமல் கோப்பே கெட்டுப்போகலாம். மேலே பதிந்தது உறுதியானபின் ‘அனுப்பியது’ என்று குறியுங்கள், உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதமாவது இருக்கட்டும். திரையின் மூலையில் “நிலுவை: 14” என்று எண் தெரியட்டும். அங்கிளுக்கு வேறு எந்த ரிப்போர்ட்டையும்விட அது பிடிக்கும்.

எல்லாவற்றையும் வரிசையில் போட்டுவிட முடியாது. கிடங்கில் கடைசியாக இருக்கும் ஒரு மூட்டையை இரண்டு கவுண்டரும் லைன் இல்லாமல் விற்றுவிடலாம். சில்லறைக்குப் பரவாயில்லை, இருப்பு மைனஸ் ஆகட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். கடன் வாடிக்கையாளரின் வரம்பு, பெரிய மொத்த ஆர்டர் போன்றவற்றுக்கு லைன் வரும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். எது எதற்கு என்று நீங்களாக முடிவு செய்யாமல் கடைக்காரரைக் கேளுங்கள், வியாபாரம் அவருடையது.

கிளினிக் மாதிரி இடமென்றால் அந்த எஸ்கியூலைட் கோப்பில் நோயாளி விவரம் இருக்கும். கம்ப்யூட்டரைத் திருடிக்கொண்டு போனால் விவரமும் போய்விடும், இங்கே தனிநபர் தகவலுக்குப் போப்பியா சட்டம் இருக்கிறது. டிஸ்க்கை மறைகுறியாக்கி வையுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை தென்னாப்பிரிக்காவில் கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணி என்ற தொல்லை இல்லை, வருடம் முழுக்க யுடிசியோடு (உலகப் பொது நேரத்தோடு) இரண்டு மணி கூட்டினால் போதும். என்றாலும் கவுண்டர் சொல்லும் நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.

6. இரண்டாவது டேட்டாபேஸ்: அவசரப்பட வேண்டாம்

ஒன்று போனால் இன்னொன்று என்று ஜொஹானஸ்பர்கில் ஒன்றும் கேப் டவுனில் ஒன்றும் வைக்கும் ஆசை வரும். நகல் வைப்பது நல்லதுதான். ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று தானாகத் தலைமை ஏற்கட்டும் என்று விடுவதில்தான் வினை.

2018 அக்டோபர் 21-இல் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில் பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தோடு தொடர்பு 43 நொடி அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரை டேட்டாபேஸைத் தலைமையாக்கிவிட்டது. ஆனால் கிழக்கில் பதிந்த கடைசிச் சில மாற்றங்கள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிய மாற்றங்கள் விழத் தொடங்கிவிட்டன. இரண்டையும் சரிசெய்து சேவை முழுதாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. அவ்வளவு ஆட்கள் இருந்த இடத்திலேயே அப்படி.

நகல் உடனுக்குடன் ஒப்புக்கொண்ட பிறகுதான் கமிட் என்று வைத்தால் எதுவும் தொலையாது, ஆனால் நகலுக்குப் போகும் வழி அறுந்தால் கவுண்டர் நிற்கும். நகல் பின்னால் மெதுவாக வரட்டும் என்று வைத்தால் கவுண்டர் நிற்காது, ஆனால் தலைமை செத்தால் கடைசிச் சில நொடிகள் தொலையலாம். கவுண்டரில் அந்த ஒரு மாத வரிசை இருக்கிறதல்லவா? இரண்டாவது வழியில் தொலைந்ததை அங்கிருந்து திரும்ப அனுப்பிக்கொள்ளலாம், அடையாளம் இருப்பதால் இரட்டிப்பாகாது. அதனால் சின்னக் கடைக்கு என் ஆலோசனை: பின்னால் வரும் நகல் ஒன்று, தினசரி பேக்கப், தலைமையை மாற்றும் முடிவு மனிதர் கையில். தானாக மாறத்தான் வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு சாட்சி இயந்திரம் வேண்டும். இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பெரும்பான்மை என்று எதைச் சொல்வது?

7. ரௌட்டருக்குள்ளும் ஒரு குட்டி டேட்டாபேஸ்

ரௌட்டர், சுவிட்ச் இவற்றின் அமைப்புகளும் சேமிக்கப்படும் தகவல்தான். பல சிஸ்கோ கருவிகளில் இப்போது ஓடும் அமைப்பு வேறு, அடுத்த தடவை எழும்போது படிக்கும் அமைப்பு வேறு. சேமிக்க மறந்தால் அடுத்த கரண்ட் வெட்டில் பழைய அமைப்பு திரும்பி வந்துவிடும். ஜூனிப்பர் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று ஒரு வசதி: மாற்றத்தைப் போட்டுவிட்டு, வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழையதற்குத் திரும்பும். தூரத்திலிருந்து மாற்றும்போது இதை விட்டுவிடாதீர்கள். மற்றபடி அமைப்புக் கோப்புக்கு ஒரு நகல், மின்வெட்டு அட்டவணையைப் பார்த்தபின் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட், அவ்வளவு போதும்.

8. நீங்களே கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

ஞாயிறு மாலை கடை மூடியபின் சோதனை டேட்டாபேஸ் ஒன்றோடு உட்காருங்கள். பில்கள் தானாக ஓடும்படி ஒரு சின்ன நிரலை விட்டுவிட்டு, கவுண்டரின் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு ரௌட்டரின் வெளிப்பக்கக் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டும் ஒன்றில்லை: முதலாவதில் கம்ப்யூட்டருக்கு லைன் போனது உடனே தெரியும், இரண்டாவதில் தெரியாது. ஃபயர்வாலில் மறுத்துப் பதில் அனுப்புவதும், சத்தமில்லாமல் விழுங்குவதும் அப்படியே வேறு வேறு. விழுங்கும் வகையில் கட்டாயம் சோதியுங்கள், நிஜக் கோளாறு பெரும்பாலும் அந்த மாதிரிதான் வரும். லினக்ஸில் நெட்எம் என்ற கருவியால் நூற்றுக்கு இருபது செய்தியைத் தொலைக்கவும், ஒவ்வொன்றையும் அரை நொடி தாமதிக்கவும் முடியும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, கமிட் ஆகிப் பதில் வரும் அந்த இடைவெளியில் அறுப்பது. கையால் பிடுங்கிப் பிடிக்க முடியாது. சோதனைக்காக சர்வர் நிரலில் கமிட்டுக்குப் பின் 5 நொடி தூங்கச் சொல்லி, அந்த நேரத்தில் அறுங்கள். இந்தச் சோதனையில் ஒரு பில்கூட இரட்டிக்கவில்லை என்றால்தான் மூன்றாவது படி சரியாக அமைந்தது என்று அர்த்தம்.

கடை ஓடத் தொடங்கியதும் இரவு ஒரு தடவை ஒப்பீடு ஓடட்டும். கவுண்டரில் எத்தனை பில், எத்தனை ராண்ட். மேலே எத்தனை பில், எத்தனை ராண்ட். கார்டு மெஷின் நாள் முடிவில் தரும் மொத்தம் எவ்வளவு. மூன்றும் ஒத்துப்போனால் சத்தமே வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால் எந்த அடையாளம் எந்தப் பக்கம் இல்லை என்ற பட்டியலோடு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி உங்களுக்கு வரட்டும். அதைக் கடைக்கார அங்கிளுக்கும் சேர்த்து அனுப்ப வேண்டாம். இரவு பதினோரு மணிக்கு போன் வரும்.